அதே பெயரில் திரும்பி வந்த புயல்

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் கபரில் இருப்பவர்களுக்கும் சலாம் சொல்ல வேண்டும், அவர்களுக்குக் கேட்கும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். கபரே இல்லாதவருக்கு எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று யாரும் ஓதிக்கொடுக்கவில்லை. கடைசியில் நானே ஒரு முடிவு செய்துகொண்டேன். பம்பாயிலிருந்து பார்த்தால் தொழுகிற கிப்லாவும் மேற்கு, நீங்கள் கிடக்கிற கடலும் மேற்கு. தொழுது முடித்ததும் பாயை மடிக்காமல், அதே பக்கம் இன்னும் கொஞ்சம் தூரமாகப் பார்த்து ஒரு சலாம். வந்து சேர்கிறதா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். நம் வீட்டில் நடந்தது தாராவியில் தெரியாதவர் இல்லை. ஆளுக்கொரு கை காலை ஒட்ட வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன். புருஷன் மவுத்தானால் பெண்டாட்டி பூவும் நகையும் வாசனையும் விட்டு வீட்டோடு இருக்கிற நாட்கள். நீங்கள் போய் ஆறு வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். தாமதம்தான். பம்பாயில் எது நேரத்துக்கு வந்திருக்கிறது? பூ இல்லை, நகை இல்லை, எல்லாம் முறைப்படிதான். ஆனால் என் இரண்டு கையும் மருதாணியில் செக்கச்செவேல் என்று இருக்கிறது. துக்கம் கேட்க வருகிற பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்கள். அந்தக் கை எப்படிச் சிவந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு லீவு கிடைத்தால் எனக்கு அடுப்படியில் வேலை போய்விடும். கப்பல் சமையல்காரருக்கு என் சமையலில் ஒரு குறை சொல்லாமல் சோறு இறங்காது. நோன்புக் கஞ்சியை நீங்களே கிண்டுவீர்கள், கிண்டிக்கொண்டே எனக்குப் புயல் பாடம் நடத்துவீர்கள். கரண்டியைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றி, "இங்க பாரு, அட்லாண்டிக்குல காத்து இப்படித்தான் சுத்தும். நடுவுல குழி விழுதுல்லா, அதான் கண்ணு. அதுக்குள்ள கப்பல் போயிட்டுன்னா வெயிலடிக்கும். களைச்சுப்போன பறவையெல்லாம் வந்து டெக்குல உக்காரும். புதுசா வந்த பய தப்பிச்சோம்னு நெனச்சு துணி காயப்போடுவான். அந்தப் பக்கத்துக் காத்து வந்து துணியையும் அவனையும் சேத்து அள்ளிட்டுப் போவும்" என்பீர்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

உங்களுக்குப் புயல் என்றால் ஊர்க்கதை மாதிரி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேற்கிந்தியத் தீவுகளில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டைக்கு நின்றபோது ஒரு புயல் வந்து, பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பேர் கப்பலையும் விழுங்கியதாம். தீவில் நின்ற மரங்களின் பட்டையைக் காற்றே உரித்துவிட்டதாம். "காத்து எங்கயாவது பட்டைய உரிக்குமா? ரீல் விடாதீங்க" என்றேன். கஞ்சிக் கரண்டியால் என் தலையில் தட்டினீர்கள். இப்போது நம்புகிறேன் மச்சான். உரிக்கும்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அமெரிக்காவில் கேல்வெஸ்டன் என்று ஒரு துறைமுகம், கோதுமை ஏற்றப் போயிருந்தபோது அங்கே ஒரு கிழவர் உங்களிடம் சொன்னது. அதைக் கேட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "உம்மா காதுல மட்டும் இதப் போட்டுராத" என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினீர்கள். ஆறு வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

நீங்கள் கடைசியாக ஏறியது கிழட்டுக் கப்பல். இரும்புத்தாது ஏற்றியிருந்தார்களாம். அட்லாண்டிக்கில் எதிரே வந்த புயல் வடக்கே திரும்பும், அதற்குள் முன்னால் கடந்துவிடலாம் என்று கேப்டன் நினைத்தாராம். புயல் அப்படி நினைக்கவில்லை. கோட்டைப் பக்கம் கம்பெனி ஆபீசுக்கு எங்களைக் கூப்பிட்டு, குளிர் அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்துச் சொன்னார்கள். வயர்லெஸ் நின்றுவிட்டது, தேடிப் பார்த்தோம், உயிர்காக்கும் படகு ஒன்று மட்டும் கிடைத்தது, அது காலிப் படகு. சொன்னவர் நல்ல மனிதர்தான். பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

உங்கள் உம்மா, என் மாமி, அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "காலிப் படகுன்னா என்ன அர்த்தம்? ஏறுனவன் எங்கயோ எறங்கிட்டான்னு அர்த்தம். பஸ்சு காலியா வந்து நின்னா, ஏறுனவன்லாம் செத்தா போயிட்டான்?" என்று அந்த அதிகாரியிடம் தமிழிலேயே கேட்டார். அவருக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் நீங்கள் சாகக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் அழக் கூடாது. வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்தால்கூட மாமி பக்கத்தில் வந்து, "வெங்காயந்தானா?" என்று பார்ப்பார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தத்தில் அழலாம் என்றால், தாராவிக் குழாயடியில் தனியாக அழ எங்கே இடம்? வரிசையில் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவது அழுகையே இல்லை மச்சான், அது ஏதோ விக்கல் மாதிரி.

வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுங்கா போய் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவார். வைக்கவில்லை என்றால் தெருவுக்கே கேட்கும். "எம் மவன் உசுரோட இருக்கையில அறுதலி வேசம் போடுதியாளா? நீ பூவ எடுத்தா அங்கன அவனுக்கு என்னமும் ஆயிரும்." மற்ற வீடுகளில் புருஷன் செத்தால் பெண்டாட்டி தலையிலிருந்து பூவைப் பிடுங்குவார்கள். எனக்குப் பிடித்து வைத்தார்கள். எது கொடுமை என்று இரண்டு தலைக்கும்தான் தெரியும்.

கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும் விடமாட்டார். நீங்கள் எந்த நேரத்தில் வந்து நிற்பீர்களோ என்று. திறந்த கதவு வழியாக மழைத் தண்ணீர் வந்தது. பெருச்சாளி வந்தது. பின்வீட்டுக் குடிகாரர் வீடு மாறி வந்து உங்கள் பாயில் படுத்துத் தூங்கினார். நீங்கள் மட்டும்தான் வரவில்லை.

நான் ஜமாத்துக்குப் போனேன். புருஷன் மேல் புகார் சொல்ல, மாமியார் மேல் புகார் சொல்ல எத்தனையோ பெண்கள் போயிருக்கிறார்கள். என்னை விதவையாக்குங்கள் என்று கேட்டுப் போனவள் நான்தான் என்று நினைக்கிறேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். கிதாபில் இதற்கு வழி இருக்கிறது, காணாமல் போனவருக்கு ஒரு தவணை உண்டு, அது கழிந்தால் மவுத்தென்று முடிவு சொல்லலாம், பிறகு நீ இத்தா இருந்துகொள்ளம்மா என்றார். தவணையும் கழிந்தது. ஆனால் முடிவு சொல்ல வருகிற பெரியவர்கள் எல்லோரும் மாமி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே எழுந்து போனார்கள். மாமியின் டீயில் அப்படி என்னதான் போட்டாரோ.

மறுகல்யாணத்துக்கு அலைகிறாள் என்றும் பேசினார்கள். அலைந்தால்தான் என்ன? ஆனால் நான் கேட்டது அதுவல்ல. உங்கள் பெயரில் ஒரு யாசீன் ஓத வேண்டும். நாலு பேருக்குச் சோறு போட வேண்டும். ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சத்தமாக அழ வேண்டும். செத்தவனுக்கு அழுவதற்கு ஒரு பெண் இத்தனை பேரிடம் அனுமதி கேட்டு நிற்பாளா?

இந்த வருஷம் மாமிக்கே சுருதி குறைந்தது. பூ வாங்கப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஹஜ்ரத் நேரில் வந்து பேசினார். மாமி ஒன்றும் சொல்லவில்லை, அதையே சம்மதமாக வைத்துக்கொண்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு உங்கள் மவுத்தை அறிவித்துவிடுவது என்று முடிவானது. நான் அழுவதற்குத் தயாராக இருந்தேன். கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிற மாதிரி என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வாரம்தான் காதர் வந்தான். உங்களோடு முந்திய கப்பலில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தானே, அதே காதர். லீவில் வந்தால் நம் வீட்டை எட்டிப் பார்க்காமல் போகமாட்டான். டீயை ஆற்றிக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தான்.

"மைனி, ஒரு சங்கதி. அந்தப் புயலோட பேரு இந்த வருசம் திரும்ப வந்துட்டு."

எனக்கு விளங்கவில்லை. செத்த மனிதருக்குத்தான் பேரப்பிள்ளை மூலமாகப் பெயர் திரும்பி வரும். புயலுக்கு எப்படி?

"அட்லாண்டிக் புயலுக்கெல்லாம் முன்கூட்டியே பேரு எழுதி வச்சிருப்பாங்க மைனி. ஆறு வருசத்துக்கு ஒருக்கா அந்தப் பேரெல்லாம் முதல்ல இருந்து சுத்தி வரும். ஊர அழிச்ச பெரிய புயல்னா அந்தப் பேர எடுத்துருவாங்க, இனிமே எதுக்கும் வைக்கமாட்டாங்க. இது கரைக்கே போவலல்லா. கப்பல மட்டுந்தான முக்குச்சு."

மட்டும்தான் என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான். நான் அவனைத் திட்டவில்லை. அவன் என்ன செய்வான்? கரையில் வீடு வைத்திருப்பவன் செத்தால்தான் புயலுக்குக் கெட்ட பெயர். நீங்கள் எல்லோரும் தண்ணீரில் செத்தீர்கள், அதனால் அதன் பெயர் நல்ல பெயராகவே இருக்கிறது. வெள்ளைக்கார ஆண்பிள்ளை பெயர். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. உங்களைக்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதை எதற்குக் கூப்பிட வேண்டும்?

திரைக்குப் பின்னால் மாமி இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"திரும்பிட்டா? அதே புயலா?"

"அதே பேரு பெரியும்மா. புயலு வேற..."

"அதே பேருன்னா அதேதான். எடுத்துட்டுப் போனது திரும்பிட்டுன்னா, எடுத்துட்டுப் போனவனையும் கொண்டாந்து விட்டுரும்லா?"

காதர் எத்தனையோ விதமாக எடுத்துச் சொன்னான். போன வருஷத்து மழையும் இந்த வருஷத்து மழையும் ஒன்றா பெரியும்மா என்றுகூடக் கேட்டுப் பார்த்தான். மாமி காதில் ஏறவில்லை. படுத்த முழங்கால் எழுந்து ஓடியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் வீட்டைக் கழுவினார். உங்களுக்குக் கட்டம் போட்ட கைலி இரண்டு வாங்கினார், நீங்கள் இளைத்திருப்பீர்களா பெருத்திருப்பீர்களா என்று கடைக்காரரிடமே யோசனை கேட்டிருக்கிறார். பெரியவர்கள் வந்தார்கள். டீ குடித்தார்கள். "இவ்வளவு காலம் பொறுத்துட்டீங்க தாயே, இந்தப் புயல் சீசன் முடியிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அறிவிப்பு நின்றது. என் அழுகையும் நின்றது.

அதற்கு மறுநாள் மாமி மருதாணி அரைத்தார். மகன் வரும்போது மருமகள் கை வெளுத்துக் கிடக்கக் கூடாதாம். என்னை வாசல் பக்கம் பார்க்க உட்கார வைத்து, கதவைத் திறந்து போட்டு, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வைத்தார். வைத்துக்கொண்டே பாடினார் மச்சான். கல்யாண வீட்டில் பாடுகிற பாட்டு.

அந்தப் பாட்டுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, கடல் திருப்பிக் குடுத்த ஊரு ஒண்ணு இருக்கு. உங்க மவன் பாத்த ஊரு. சொல்லட்டுமா?"

"சொல்லேன்" என்றார், குழந்தை மாதிரி.

சொன்னேன். நீங்கள் எனக்குச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"கேல்வெஸ்டன்னு பேரு. நம்ம காலத்துக்கு ரொம்ப முந்தி, ஒரு புயலடிச்சுக் கடலு ஊருக்குள்ள வந்துட்டு. ஆயிரக்கணக்குல செத்துப்போனாவ. புதைக்க எடமில்ல, தரையெல்லாம் தண்ணி. செத்தவங்க மையத்தையெல்லாம் படகுல அள்ளி, கல்லக் கட்டிக் கடல்ல கொண்டு போட்டாவ. மறுநா காலையில கடலு அம்புட்டையும் கரைக்கே கொண்டாந்து போட்டுட்டு மாமி. போட்டவங்க வீட்டு வாசலுக்கே. அப்புறம் கெடந்த எடத்துலயே குமிச்சு எரிச்சாவ."

மாமியின் கை நிற்கவில்லை. என் சுண்டுவிரல் ஒன்றுதான் பாக்கி. அதில் மருதாணியைத் தொப்பி மாதிரி வைத்து, நுனியை அமுக்கினார்.

"மூஞ்சி அடையாளம் தெரிஞ்சுதாளா?"

"எப்படித் தெரியும்? ஒரு ராத்திரிக்கே தெரியல. உங்க மவன் போயி ஆறு வருசம். மீனு என்னத்த மிச்சம் வச்சிருக்கும்? கதவத் தொறந்து வச்சிக் காத்துக்கிட்டு இருக்கியளே, இப்பக் கடலு கொண்டாந்து வாசல்ல போட்டா எதப் போடும்னு நெனைக்கிய?"

இப்படி ஒரு பேச்சை ஒரு தாயிடம் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசினேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன், தெரிந்தே உடைத்தேன். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மாமி வாசலைப் பார்த்தார். வெளியே யாரோ தோல் மூட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்ப வர வேண்டாம்."

எழுந்து என் பின்னால் வந்தார். தலையிலிருந்த பூவை எடுத்தார். கழுத்தில் கருகமணி முடிச்சைத் தேடினார். என் கை தானாக மேலே போனது.

"அசையாத" என்றார். "மருதாணி கலைஞ்சிரும்."

கல்யாணத்தன்று தான் கட்டிவிட்ட கருகமணியைத் தானே அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுத்துத்தான் வந்தது. அவர் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது. பிறகு போய்க் கதவைச் சாத்தினார். ஆறு வருஷம் அசையாத தாழ்ப்பாள் துருவேறி மாட்டிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்து அடித்துத் தள்ளினார். அது விழுந்த பிறகு அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. பக்கத்து வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். திறக்க வேண்டியவர் கதவடியில் கிடந்தார். நானோ இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரைத் தூக்க முடியாது, அணைக்க முடியாது, கண்ணைத் துடைக்க முடியாது. கை முழுக்கப் பச்சை மருதாணி. அழலாம் என்று பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை மச்சான். இத்தனை வருஷம் நான் சேர்த்து வைத்ததையும் சேர்த்து அவரே அழுது தீர்த்துவிட்டார். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த ஜும்ஆவில் அறிவித்தார்கள். இன்னா லில்லாஹி என்று எல்லோரும் சொன்னது இங்கே வரை கேட்டது. அன்றுதான் உங்களை முழுதாக இழந்தேன், என் கை அன்றுதான் நன்றாகச் சிவந்தது. இத்தாவில் இருப்பவளுக்கு மருதாணி ஆகாது. இது முன்னாலேயே வைத்தது, என்ன செய்வது என்று ஹஜ்ரத்தைக் கேட்டு ஆளனுப்பினேன். தானாகப் போகும், விட்டுவிடச் சொல்லம்மா என்றாராம். நகம் வளர வளர மெல்ல மேலேறிப் போகிறது. கடைசி நகத்தை வெட்டும்வரை இருக்கும் போலிருக்கிறது.

மற்றபடி சேதி என்ன? வாஷியில் வரிசை வரிசையாக வீடு கட்டுகிறார்கள், தாராவியை விட்டுக் குடிபோகலாம் என்று நீங்கள் சொன்ன அதே பக்கம். காதர் மறுபடி கப்பலேறிவிட்டான். சொல்லிக்கொள்ள வந்தவன் வாசலோடு நின்றுவிட்டான். கைலி இரண்டையும் மாமி பள்ளிவாசல் முக்கில் உட்காருகிற பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்குள் பேச்சு குறைவு. சாப்பிடும்போது என் தட்டில் மீன் வைப்பதில்லை, அவரும் சாப்பிடுவதில்லை. அது என் வாயால் வந்த வினை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் ஆனதும் தாழ்ப்பாளைப் போடுவது அவர்தான்.

ஆறு வருஷம் கழித்து அந்தப் பெயர் இன்னொரு சுற்று வரும். ஏதாவது ஊரை அழித்து வைத்தால் ஒழிய, அதை யாரும் எடுக்கப்போவதில்லை. அன்று மாமி இருப்பாரோ என்னவோ. நான் இருந்தால் ஒன்று மட்டும் செய்வேன். எழுந்து போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்து தட்டினாலும் திறக்கமாட்டேன். தட்டுவது நீங்களாகவே இருந்தாலும் சரி, திறக்கமாட்டேன் மச்சான். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. இதை உடைக்கமாட்டேன்.

ஒரு வழியாக உங்கள் கைம்பெண் ஆகிவிட்ட,
மைமூன்